சாரின் சிவப்புத் தாள்

சார் எங்கள் ஜெராக்ஸ் கடைக்கு வரும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியேறுவார். கோயிலா என்ன? பத்துக்குப் பதினைந்து அடியில் ஒரு மெஷின், ஒரு மேசை, மூலையில் டெலிபோன் பூத், அவ்வளவுதான். ஆனாலும் கழற்றுவார். உள்ளே வந்ததும் மெஷின் மூடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சரஸ்வதிங்க அம்மணி, சும்மாவா" என்பார். தரையில் கிடக்கும் வீணான தாள் தெரியாமல் காலில் பட்டுவிட்டால் குனிந்து எடுத்து அதையும் ஒற்றிக்கொள்வார். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் பீளமேட்டில் நான் கடை போட்ட புதிதில், இதைப் பார்த்து மயங்கிப்போனவர்களில் நானும் ஒருத்தி. படித்த மனிதர், எவ்வளவு பணிவு என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லி வியந்திருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

போன மாதம் அவருடைய பழைய மாணவர்கள் இரண்டு பேர் என் வீட்டைத் தேடி வந்தார்கள். சாருக்குப் பாராட்டு விழா எடுக்கிறார்களாம், விழா மலர் போடுகிறார்களாம். "நோட்ஸ் எல்லாம் உங்க கடையிலதானுங்க்கா போட்டது. சாரைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார்கள். நான் கடையை மூடியே பல வருடங்களாயிற்று, எனக்கு எழுதவெல்லாம் வராது என்று சொல்லி அனுப்பப் பார்த்தேன். அழைப்பிதழைக் காட்டி, மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். அதன் முகப்பில் ஒரு வரி அச்சிட்டிருந்தது. அந்த வரியைப் படித்த பிறகு என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை. அது என்ன வரி என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அவருடைய நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பொம்பளை வயிற்றெரிச்சலில் எழுதுகிறாள் என்பார்கள். பகலில் ஒரு தனியார் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். காலையும் மாலையும், சனி ஞாயிறு முழுக்கவும், தன் வீட்டு மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீள ஹாலில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன். பிள்ளைகள்மேல் கை வைத்ததில்லை. ஒருவரையும் 'டா' போட்டுக் கூப்பிட்டதில்லை, எல்லோரும் கண்ணுதான். பரீட்சையன்று காய்ச்சலில் கிடந்த ஒரு பையனைத் தன் மொபெட்டில் உட்கார வைத்து, முதுகோடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு பரீட்சை எழுத அழைத்துப் போனவர். அதை நானே என் கடை வாசலில் நின்று பார்த்தேன். அதனால்தான் அவரை வெறுமனே கெட்டவர் என்று ஒதுக்கிவிட முடியவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்.

அவர் வாயில் அதிகம் வரும் சொல் 'என்ற'. என்னுடைய என்பதை எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். ஆனால் சார் சொல்லும்போது அந்தச் சொல் பட்ட பொருள் உடனே அவருடையதாகிவிடும். என்ற பசங்க, என்ற நோட்ஸ், என்ற முறை. ஒரு மாணவன் இதயத்தின் படத்தை நாலே கோட்டில் வரைய ஒரு வழி கண்டுபிடித்துக் காட்டினான். சார் அவனைத் தட்டிக்கொடுத்தார். மறு வாரம் அதே படத்தைக் கரும்பலகையில் போட்டு, "இது என்ற முறை, எந்தப் புத்தகத்துலயும் இருக்காது" என்றாராம். அந்தப் பையன் முன் பெஞ்சில் உட்கார்ந்து அதை நோட்டில் வரைந்துகொண்டிருந்தான். அவனே என் கடையில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

எனக்கும் அது நடந்தது. ஒரு நாள் ஒரு பெரியவர் தன் பேரனின் மார்க் ஷீட்டைக் கொண்டுவந்து, "ஏனுங், இந்த மெஷின்ல எல்லாத்தையும் பெருசாக்கலாமாமா? மார்க்கை மட்டும் கொஞ்சம் பெருசாக்கிக் குடுங்க" என்று கேட்டார். சாரிடம் சொன்னேன். வயிறு குலுங்கச் சிரித்தார். நாலு மாதம் கழித்து அவர் பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். மேடையில் சார் அதே கதையைச் சொன்னார். பெரியவர் சாரிடம் வந்து கேட்டாராம், சார் என்ன பதில் சொன்னார் என்றுகூட ஒன்று சேர்த்திருந்தார். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, நீயும் சிரி என்கிற மாதிரி தலையாட்டினார். அந்தக் கதை என்னிடமிருந்து வந்தது என்ற நினைவே அவருக்கு இல்லை. நானும் சிரித்துத் தொலைத்தேன். ஒரு கதைதானே, போகட்டும்.

அவர் எதையும் கேட்டு வாங்குவதற்கு ஒரு வாசகம் வைத்திருந்தார். "பாத்துப்போட்டுத் தாரேன் கண்ணு." அப்படித்தான் அந்த நோட்ஸும் அவர் கைக்கு வந்தது.

வால்பாறை எஸ்டேட்டிலிருந்து ஒரு பையன் கோயம்புத்தூரில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்க வந்து சாரிடம் சேர்ந்தான். அவனுடைய பழைய பள்ளியில் ஒரு ஆசிரியை தன் கையால் ஸ்டென்சில் எழுதி, சைக்ளோஸ்டைல் போட்டு, பிள்ளைகளுக்குச் சும்மா கொடுத்த உயிரியல் நோட்ஸ் அது. அறுபது சொச்சம் பக்கம். சார் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை செருப்பைக் கழற்றிவிட்டு என் கடைக்குள் வந்தார்.

முதல் பக்கத்தைக் கண்ணாடிமேல் வைத்து ஒரு காப்பி எடுத்தேன். "நல்லா உளுந்திருக்குதுங்க" என்றார். "ஆனா அடியில இருக்கறது வேண்டாமுங்க." அடியில் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரே இரண்டு வரிகள். முதல் வரியில் கா. செண்பகவல்லி, விலங்கியல் ஆசிரியை, பள்ளியின் பெயர், வால்பாறை. இரண்டாவது வரியில், 'படிக்கிறவர் யாரும் படி எடுத்துக்கொள்ளலாம். விற்கக் கூடாது.'

"இது யாருங்க சார்?"

"நம்ம பையனோட பழைய டீச்சருங்க. எடுத்துக்கலாம்னு அவங்களே போட்டிருக்காங்க பாருங்க" என்று விரலை வைத்துக் காட்டினார். 'எடுத்துக்கொள்ளலாம்' வரைக்கும்தான் தெரிந்தது. மீதிமேல் அவருடைய கட்டைவிரல் இருந்தது.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பட்டையை எடுத்துக் கொடுத்தார். சார்ட் தாளில் ஸ்கேல் வைத்து வெட்டியது. அந்த இரண்டு வரிகளை மறைப்பதற்கு எவ்வளவு அகலம் வேண்டுமோ மிகச் சரியாக அவ்வளவு. வீட்டிலேயே அளந்து வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார். நான் அதை ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வைத்து, மூடியைச் சாத்தி, பொத்தானை அமுக்கினேன். அறுபது சொச்சம் தடவை. வேண்டாம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வாத்தியார் சொல்கிறார், எனக்கென்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். பொய். எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஆசிரியர்கள் காப்பி எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. என் கடையே அவர்களை நம்பித்தான் ஓடியது. பக்கத்துப் பள்ளியில் ஒரு தமிழம்மா இருந்தார். ஏதாவது புத்தகத்தில் ஒரு பக்கம் பிடித்துப்போனால் வகுப்புக்கு நாற்பது காப்பி எடுப்பார். எடுப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தின் தலையில் புத்தகத்தின் பெயரையும் எழுதினவர் பெயரையும் பென்சிலில் எழுதிவிடுவார். பிள்ளைகளுக்குச் சும்மா கொடுப்பார். வகுப்புக்கு வேண்டியதை எடுத்தார், யாருடையது என்று சொன்னார், விற்கவில்லை. இதற்கு ஒரு சட்டப் புத்தகமும் படித்திருக்க வேண்டியதில்லை. சாருக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும்.

அவர் அந்தக் காப்பிகளை அச்சகத்துக்குக் கொண்டுபோனார். அடியில் காலியாக இருந்த இடத்தில் அவருடைய பெயர் வந்தது, பட்டம் வந்தது, 'இதைப் படி எடுப்பது சட்டப்படி குற்றம்' என்று ஒரு வரி வந்தது. எல்லாவற்றையும் கருஞ்சிவப்புத் தாளில் கறுப்பு மையில் அச்சடித்தார். காரணம் எனக்குத் தெரியும், ஏனென்றால் அச்சடிப்பதற்கு முன்னால் என்னிடம்தான் வந்து சோதித்துப் பார்த்தார். ஒரு துண்டுச் சிவப்புத் தாளைக் கண்ணாடிமேல் வைத்து எடுக்கச் சொன்னார். மெஷினுக்கு அந்தச் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். எழுத்தும் கறுப்பு, தாளும் கறுப்பு, வெளியே வந்தது கரி பூசின ஒரு காகிதம். சார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் சந்தோஷப்பட்டார். "இனி எவனும் என்ற நோட்ஸைத் தொட முடியாதுங்க" என்றார்.

டியூஷனுக்குச் சேர்கிறவர்களுக்குத்தான் அந்தச் சிவப்பு நோட்ஸ் விற்பனை. ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. கையெழுத்துகூடச் செண்பகவல்லி டீச்சருடையதுதான். சாரின் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். கரும்பலகையில் அவர் எழுதுவது வேறு மாதிரி இருப்பதைப் பற்றி ஒருவரும் யோசிக்கவில்லை. ரத்தம் எப்படி உறைகிறது என்ற பாடத்தில் டீச்சர் இப்படி எழுதியிருந்தார்: 'தேயிலை பறித்துவிட்டு வந்த உன் அம்மாவின் காலைப் பார். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் ஏன் நிற்காமல் வழிகிறது?' எஸ்டேட் பிள்ளைகளுக்கு எழுதியது. பீளமேட்டுப் பிள்ளைகள் அதை அப்படியே மனப்பாடம் செய்தார்கள். ஒருத்தி எழுந்து, "சார், எங்கம்மா மில்லுக்குத்தானுங்க போறாங்க. கால்ல ஒண்ணும் இல்லீங்களே" என்று கேட்டாளாம். "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாத கண்ணு, இருக்கறதைப் படி" என்றாராம். தான் திருடிய பக்கத்தில் என்ன இருக்கிறது என்றுகூட அவர் பார்க்கவில்லை.

அதற்கு அடுத்த வருடம்தான் பூங்கொடி வந்தாள்.

கருமத்தம்பட்டியில் விசைத்தறிக்காரர் ஒருவரின் மகள். பிறவியிலேயே பார்வை மங்கல். தடிக் கண்ணாடி போட்டும் சாதாரண எழுத்து தெரியாது. எழுத்து பெரிதாக இருந்தால் மூக்கை உரசிக்கொண்டு படித்துவிடுவாள். பள்ளிப் புத்தகங்களை எல்லாம் அவள் அப்பா பஸ்ஸில் கொண்டுவந்து என்னிடம் இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்துப் போவார். பயாலஜியில் நல்ல மதிப்பெண் வந்தால் பிசியோதெரபி படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. கண் ரொம்ப வேண்டாம், கைதான் வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்காகவே சாரிடம் சேர்த்தார் அப்பா.

சேர்ந்த மறு வாரம் சிவப்பு நோட்ஸை எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் கடைக்கு வந்தார்கள். வெளிச்சத்தைக் கூட்டினேன், குறைத்தேன், எல்லாப் பொத்தானையும் திருகிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகக் கரிதான் வந்தது. பூங்கொடி அந்தக் கறுப்புத் தாள் ஒன்றை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "பெருசா இருந்தாப் போதுங்க்கா. நிதானமாப் படிச்சுக்குவேன்" என்றாள். இதைவிடக் குறைவாக ஒரு பிள்ளை என்ன கேட்க முடியும்?

நானே அவள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு சாரின் வீட்டுக்குப் போனேன். காபி கொடுத்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ஒரே ஒரு செட்டு வெள்ளையில குடுங்க சார். அவ மட்டும் பாத்துக்குவா" என்றேன்.

"ஒருத்திக்குக் குடுத்தா நாளைக்கு ஊரே எடுத்துப்போடுமுங்க அம்மணி. என்ற உழைப்புங்க இது. பாப்பாவை முன் பெஞ்சுல உக்கார வெக்கறேன். ஊட்டுல யாராச்சும் படிச்சுக் காட்டட்டும்."

"ஊட்டுல படிக்கத் தெரிஞ்சவங்க ஆரும் இல்லீங்க சார்" என்றார் அவள் அப்பா.

"பாத்துக்கலாமுங்க" என்றார் சார். அப்பா எழுந்து கும்பிட்டார். அது உங்கள் உழைப்பில்லையே சார் என்று என் வாய் வரைக்கும் வந்தது. டீச்சரின் பெயரை மறைத்தது என் கை அல்லவா? அதனால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினேன். அரைப் பரீட்சை வரைக்கும் பூங்கொடி அந்தச் சிவப்புத் தாளோடு மல்லுக்கட்டினாள். கண்ணில் தண்ணீர் வழியும், தலை வலிக்கும், நாலு வரி படித்தால் ஒரு மணி நேரம் படுத்துவிடுவாள் என்று அப்பா வந்து சொன்னார். அரைப் பரீட்சையில் பயாலஜியில் தவறிவிட்டாள்.

என் கடையில் வீணான காப்பிகளைத் தூக்கிப்போட மாட்டேன். பின்பக்கம் கணக்குப் போடவும் டெலிபோன் நம்பர் எழுதவும் வைத்துக்கொள்வேன். ஒரு நாள் அப்படி ஒரு தாளைப் புரட்டினபோது, முதல் நாள் நான் எடுத்து, சார் வேண்டாம் என்று தள்ளிய காப்பி கிடைத்தது. பட்டை வைப்பதற்கு முன் எடுத்தது. அடியில் இரண்டு வரிகளும் முழுசாக இருந்தன. அன்றைக்கே உட்கார்ந்து அந்தப் பள்ளி முகவரிக்குக் கடிதம் எழுதினேன். இப்படி ஒரு பெண் இருக்கிறாள், பெரிதாக்கித் தர உங்கள் நோட்ஸ் வேண்டும் என்று எழுதினேன். பட்டையைப் பற்றி எழுதவில்லை. தைரியம் வரவில்லை.

பத்து நாளில் பார்சல் வந்தது. வெள்ளைத் தாளில் எல்லாப் பக்கமும் புதிதாகச் சைக்ளோஸ்டைல் ஓட்டியது. கூடவே ஒரு சின்னக் கடிதம். 'பெரிதாக்கும்போது ஓரம் வெட்டுப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண்ணின் அம்மா என்ன வேலை செய்கிறார் என்று எழுதுங்கள். ரத்தம் உறையும் பக்கத்தை அவளுக்கு மாற்றி எழுதித் தருகிறேன். அவள் அட்டையைப் பார்த்திருக்க மாட்டாள்.'

அதைப் படித்துவிட்டுக் கடையில் உட்கார்ந்தபடியே அழுதேன். துக்கம் இல்லை, கோபம். பார்க்காத ஒரு பிள்ளைக்காக, அவள் அம்மாவின் வேலையை விசாரித்து ஒரு பக்கத்தைத் திரும்ப எழுதுகிற மனுசியின் பெயரின்மேல் அல்லவா நான் பட்டையை வைத்தேன்?

பூங்கொடியின் அம்மா தறிக்குத் தார் சுற்றுகிறவர். ஊடை நூலைக் குச்சியில் சுற்றும் வேலை. நாள் முழுக்க நூல் விரலை அறுத்துக்கொண்டே இருக்கும். எழுதிப்போட்டேன். ஒற்றைத் தாளில், பெரிய பெரிய எழுத்தில், கையால் எழுதிய பக்கம் வந்தது. 'பூங்கொடி, உன் அம்மாவின் விரலைப் பார். தார் சுற்றும்போது நூல் அறுத்த இடத்தில் ரத்தம் கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடுகிறது. நிறுத்தியது யார்?' என்று ஆரம்பித்தது. அடியில் வழக்கமான இரண்டு வரிகள். பூங்கொடி அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் விரலைப் பிடித்து வைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தாளாம். தன் விரல் பாடத்தில் வந்திருப்பதை அந்த அம்மா தறிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டாராம்.

டியூஷனில் அவள் மடியில் நான் பெரிதாக்கிக் கொடுத்த வெள்ளைத் தாள்களைப் பார்த்த சார் நின்றார். மேலாக இருந்தது அந்தப் பக்கம்தான். "பாத்துப்போட்டுத் தாரேன் கண்ணு" என்றார். அவள் கொடுத்துவிட்டாள். வாத்தியார் கேட்டால் எந்தப் பிள்ளை கொடுக்காமல் இருக்கும்?

மறுநாள் காலை செருப்பைக் கழற்றினார். மெஷினைத் தொட்டு ஒற்றிக்கொண்டார். அந்தப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். வெள்ளை நோட்ஸ் எப்படி வந்தது, யார் கொடுத்தது என்று கேட்பார், சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து நான் தயாராக நின்றேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பக்கத்தை என் முன்னாலேயே வாய்விட்டுப் படித்தார். நிஜமாகவே கண் கலங்கினார்.

"என்ன எழுத்துங்க அம்மணி. நம்மகிட்டத் தறிக்காரங்க பசங்க எத்தனை பேர் இருக்கறாங்க. அடுத்த வருசம் இதைச் சேத்துப்போடலாமுங்க. மேல பூங்கொடிங்கற பேரை எடுத்துப்போடுங்க, பொதுவா இருக்கட்டும். அடியில நம்ம பட்டையை வெச்சுக்குங்க."

நம்ம பட்டை. அப்படித்தான் சொன்னார்.

"பேரோட போடறதுன்னா போடறேனுங்க சார். இல்லீன்னா முடியாதுங்க" என்றேன்.

"ஏனுங்க அம்மணி, கோவமா?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "வகுப்புல சொல்லிக் குடுக்கத்தானுங்க எடுக்கறேன். வாத்தியாருக்கு இதுல தப்பே இல்லீங்க."

"சொல்லிக் குடுக்கறதுக்கு வெள்ளைத் தாள் போதுமில்லீங்களா சார். சிவப்பு எதுக்குங்க?"

 அவர் முகத்தில் கோபம்கூட இல்லை. "சரீங் அம்மணி. நான் வேற பக்கம் பாத்துக்கறேன்" என்று தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். போகும்போதும் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். அன்றைக்கு ஒரு ஈரத்துணி எடுத்து அந்த மூடியை மூன்று தடவை துடைத்தேன்.

பூங்கொடிக்கு வெள்ளைப் பக்கங்கள் கையில் இருந்தது இரண்டே மாதம். தேறினாள். ஆனால் அவள் கேட்ட படிப்புக்கு அந்த மதிப்பெண் போதவில்லை. இப்போது ஒரு வங்கியில் டெலிபோன் எடுக்கிறாள், நல்ல வேலைதானுங்க்கா என்கிறாள். எனக்குத்தான் ஆறவில்லை. ஜூன் மாதம்தொட்டுப் படிக்கக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கணக்குப் போடாத வருடமே இல்லை.

பரீட்சை முடிந்து வந்த ஜூனில் புதிய சிவப்பு நோட்ஸ் வந்தது. பூங்கொடியின் மாமன் பையன் டியூஷனில் சேர்ந்திருந்தான். அவனிடமிருந்து வாங்கி, கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடித்து, என் கடையில் நின்று படித்தாள். 'உன் அம்மாவின் விரலைப் பார். தார் சுற்றும்போது நூல் அறுத்த இடத்தில்...' அதற்கு முன்னால் அவள் பெயர் இருந்த இடம் காலியாக இருந்தது. அடியில் சாரின் பெயர், பட்டம், சட்டப்படி குற்றம்.

"அக்கா, இது எங்கம்மா விரலுங்க" என்றாள்.

அன்றைக்குத்தான் செண்பகவல்லி டீச்சருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். பட்டை, என் கை, சிவப்புத் தாள், ஒன்று விடாமல். மன்னித்துவிட்டேன் என்றோ போகட்டும் என்றோ அவர் எழுதவில்லை. வந்தது இரண்டு வரி. 'என் பெயரை எடுத்ததைக்கூட விட்டுவிடுகிறேன். அந்தப் பெண்ணின் பெயரை எடுக்க அவர் யார்?'

இனி அந்த அழைப்பிதழ். முகப்பில் சாரின் படத்துக்குக் கீழே பொன் எழுத்தில் போட்டிருக்கிறார்கள்: 'உன் அம்மாவின் விரலைப் பார் என்று எங்களுக்குப் பாடம் சொன்னவர்.' கொண்டுவந்த இரண்டு பேரில் ஒருவன் அந்த வரிமேல் விரலை வைத்துக் காட்டினான். "எங்கம்மாவும் தார் சுத்துனவங்கதானுங்க்கா. எங்களையெல்லாம் சார் பாடத்துல வெச்சாருங்க" என்றான். அவன் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்வேன்? அதனால்தான் எழுதுகிறேன். விழாவன்று சார் மேடையில் இருப்பார், நன்றாகத்தான் இருக்கிறாராம். இதையும் பார்த்துவிட்டுத் தருவதாகச் சொல்லி வாங்கிக்கொள்ளட்டும்.

என் கட்டுரையின் தலையில் சாரின் பெயர் பெரிய எழுத்தில் வர வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். இதில் எங்கேயும் அவர் பெயர் இல்லை. அவர் அளந்து வெட்டிக் கொடுத்த அந்தப் பட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது, பழுத்துப்போய், ஓரம் மடங்கி. அதை இந்த முறை அவர் பெயரின்மேல் வைத்துவிட்டேன். மலரில் போடுவதென்றால் இப்படியே போடுங்கள். அழைப்பிதழில் இருக்கும் அந்த வரிக்கு மட்டும் கீழே இரண்டு பெயர்கள் வர வேண்டும். எழுதியவர் கா. செண்பகவல்லி. யாருக்காக எழுதினாரோ, அவள் பூங்கொடி.